பதினாறு கட்டமா, பன்னிரண்டா? கையடக்கத் தாளக் கருவிகளில் எதை எடுப்பது

ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பாம்பன், ராமேசுவரம், மண்டபம் பக்கம் வலையைச் சரிபார்ப்பது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது போக மீதி நேரம் பையன்கள் கையில் போன்தான். "அண்ணே, பீட் போடணும். போன் ஆப் போதுமா, தனியா ஏதாச்சும் வாங்கணுமா?" என்ற கேள்வி வருஷா வருஷம் அந்த நாட்களில்தான் என்னிடம் வரும். நான் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவன். கொடியேற்றத்துக்கும் சப்பரத்துக்கும் பின்னணித் தாளம் செய்து கொடுப்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. நானும் அதைக் கலைத்ததில்லை.

ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

இந்தத் தாளக் கருவிகளுக்குள் இருக்கும் பேட்டர்ன் சீக்குவென்சர் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் பல்லாங்குழியைத்தான் காட்டுவேன். வரிசையாகக் குழிகள். ஒரு கை ஒரே வேகத்தில் குழி குழியாகத் தொட்டுக்கொண்டே போகிறது. முத்து கிடக்கும் குழியில் ஒலி வரும், வெற்றுக் குழியில் மௌனம். கடைசிக் குழி முடிந்ததும் மறுபடி முதல் குழி. கிக் என்ற கனத்த டிரம்முக்கு ஒரு வரிசை, ஸ்னேர் என்ற சுரீரென்ற டிரம்முக்கு ஒரு வரிசை, கைத்தட்டலுக்கு ஒரு வரிசை. அவ்வளவுதான். பல்லாங்குழிக்கு 14 குழி. இந்தக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 16. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 மெஷினில் வரிசையாக 16 பொத்தான்கள் வைத்தார்கள். இன்று போனில் இருக்கும் ஆப் வரைக்கும் அந்தப் பழக்கம் ஓடி வருகிறது.

## எதை வைத்து அளப்பது

கட்டம் வளையுமா? என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. விளம்பரத்தில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். சில வருஷம் முன்பு உச்சிப்புளிப் பக்கம் ஓர் ஊரில் முளைப்பாரிக் கும்மியைப் பதிவு செய்யப் போனேன். 16 கட்டத்தில் திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டு, அதாவது ஒரு லூப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, பெண்கள் கும்மியடிக்கும்போது மெதுவாக அதைச் சேர்த்துவிட்டேன். முதல் சுற்று சேர்ந்தது. இரண்டாவது சுற்றில் அவர்கள் கை ஒரு பக்கம், என் லூப் ஒரு பக்கம். கும்மியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓர் அக்கா, "தம்பி, உன் பெட்டி நொண்டுது" என்றார். நொண்டத்தான் செய்யும். அந்தக் கும்மி மூன்று மூன்றாக நடக்கிறது. சுற்றுக்கு 12 தட்டு. என் பெட்டி நான்கு நான்காக 16 நடந்தது. ரூபக தாளத்துக்கும் 12தான். கண்ட சாப்புக்கு 10, மிஸ்ர சாப்புக்கு 14. ஆதி தாளக்காரர்கள் மட்டும் 16ஐ வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

காதுக்கு வர எவ்வளவு நேரம்? நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஒரு கட்டம் 125 மில்லிசெகண்ட். புளூடூத் இயர்போனில் ஒலி வந்து சேர 150 முதல் 250 மில்லிசெகண்ட் ஆவது சாதாரணம். அதாவது நீங்கள் தட்டியது ஒரு கட்டமோ, இரண்டு கட்டமோ தள்ளித்தான் காதில் விழும். ஒத்திகையில் ஒருமுறை நானே புளூடூத்தை மாட்டிக்கொண்டு தட்டினேன். ஒலி பின்தங்குகிறதே என்று கை தானாக முந்த, கடைசியில் முழுப் பாட்டும் ஓட்டமாக ஓடிவிட்டது. ஆனால் ஒன்று: கட்டத்தைத் தொட்டு முத்துப் போடும் வேலைக்கு இந்தத் தாமதம் ஒன்றும் செய்யாது. கையால் நேரடியாகத் தட்டிப் பதிவு செய்பவர்களுக்குத்தான் இது தலைவலி. நீங்கள் எந்த ரகம் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வெயில், உப்பு, ஈரக்கை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் எங்கே நுழையும் என்று சொல்லவே முடியாது. வீட்டு டார்ச் லைட்டின் ஸ்பிரிங் ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடுகிறது. கடலில் நனைந்து உப்புப் படிந்த விரலுக்குத் தொடுதிரை பாதி நேரம் மசிவதில்லை.

மைக் செட்டுக்குப் போகுமா? செய்த தாளத்தைக் கோப்பாக வெளியே எடுக்க முடிய வேண்டும், அல்லது வயர் மாட்டி வாசிக்க முடிய வேண்டும்.

நாளைக்கும் திறக்குமா? இரண்டு வருஷம் கழித்து அதே பாட்டைத் திருவிழாக் கமிட்டி மறுபடி கேட்கும். கேட்காமல் இருந்ததே இல்லை.

## கையில் இருக்கும் போன்

பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். புதிதாகக் கருவி வாங்கும் செலவு இல்லை.

எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் என்ற ஆப்பில் கட்ட வரிசையும் உண்டு, சுரங்களைக் கோடு கோடாக வரையும் பியானோ ரோலும் உண்டு. கிளிப்பை நீங்கள் நினைத்த நீளத்துக்கு வெட்டி ஒட்டலாம் என்பதால் 12, 14 எல்லாம் பிரச்சினையே இல்லை. முடித்ததை டபிள்யூஏவி, எம்பி3, மிடி என்று வெளியே எடுக்கலாம். பிறகு கம்ப்யூட்டர் வாங்கினால் அதே வேலையை அங்கே திறக்கவும் வழி இருக்கிறது. குறை என்னவென்றால், சின்னத் திரையில் பெரிய கடையை விரித்து வைத்த மாதிரி இருக்கும். முதல் ஒரு வாரம் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும்.

கோவாலா சாம்ப்ளர் என்ற ஆப் வேறு மாதிரி. 16 பொத்தான் கொண்ட நான்கு அடுக்கு, மொத்தம் 64. பொத்தானை அழுத்திக்கொண்டு மைக்கில் எதைக் காட்டினாலும் அது அந்தப் பொத்தானில் உட்கார்ந்துவிடும். பாம்பன் வடகடல் ஓரத்தில் கரைவலை இழுக்கும் இடத்துக்கு விடிகாலையில் போய் நின்று பாருங்கள். கயிற்றைப் பிடித்தவர்கள் அம்பா பாடி இழுக்கும்போது, ஒரு குரல் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள். அந்த வாங்கலிலேயே ஒரு தாளம் இருக்கிறது, மணலில் குதிகால் ஊன்றும் சத்தமும் அதோடு சேர்ந்து விழும். வலைக்காரப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு அதை நாலு துண்டாகப் பதிவு செய்தால், எந்த ஆப்பிலும் கூடவே வரும் ஒலிகள் அதன் பக்கத்தில் நிற்காது. காற்றுதான் எதிரி. போனை ஓலைக் கொட்டானுக்குள் வைத்து, வாயில் ஒரு பருத்தித் துணியைப் போட்டால் இரைச்சல் பாதி குறையும். நான் ஒரு பழைய சாக்ஸைப் பயன்படுத்துகிறேன். துவைத்ததுதான்.

சில ஆப்கள் நாலு அடி கொண்ட பார் கணக்கை விட்டு இறங்காது. அப்போதும் கும்மிக்கு வழி உண்டு: ஓர் அடியை நான்காகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரிக்கும் அமைப்பு இருந்தால், நான்கு மூன்று 12 ஆகிவிடும். 10க்கும் 14க்கும் இந்தத் தந்திரம் உதவாது. ஆகவே காசு கட்டுவதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இப்போது பல போன்களில் இயர்போன் ஓட்டை கிடையாது. டைப்-சி மாற்றி வாங்க வேண்டும். அதிலும் இரண்டு வகை: உள்ளே ஒலி மாற்றும் சிப் வைத்தது எல்லாவற்றிலும் ஓடும்; வெறும் வயர் மட்டும் உள்ளது சில போனில் ஊமையாக இருக்கும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் கடையிலேயே உங்கள் போனில் மாட்டிக் கேட்டு வாங்குங்கள். ஓட்டையில் ஈரம் பட்டால் 'ஈரம் இருக்கிறது' என்று சொல்லிச் சார்ஜ் ஏற மறுக்கும் போன்கள் இருக்கின்றன. நம் காற்றில் அந்த எச்சரிக்கையை அடிக்கடி பார்ப்பீர்கள். ஆண்ட்ராய்டு 8க்கு முந்தைய பழைய போன் என்றால் வயர் மாட்டினாலும் தட்டலுக்கும் ஒலிக்கும் இடைவெளி தெரியும். 2017இல் வந்த அந்தப் பதிப்பில்தான் ஒலியைச் சீக்கிரம் அனுப்பப் புது வழி வைத்தார்கள்.

மேடைக்குப் போகும்போது இரண்டு விஷயம். சார்ஜரை மாட்டியபடி மைக் செட்டில் சேர்த்தால் பல இடங்களில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். முன்பே சார்ஜ் ஏற்றிக்கொண்டு போங்கள். அப்புறம், ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நற்கருணை ஆசீர் நேரத்தில் ரிங்டோன் குழாய் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்ட கதை எங்கள் பங்கில் உண்டு. யாருடைய போன் என்று சொல்ல மாட்டேன்.

## ஐபோன், ஐபேட்

வீட்டில் ஏற்கெனவே இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆப்பிளின் கராஜ்பேண்ட் ஆப் இலவசம், 2017இல் இருந்து அதற்குள்ளேயே கட்டம் கட்டமாகத் தாளம் போடும் பீட் சீக்குவென்சரும் இருக்கிறது. கையால் தட்டினால் ஒலி உடனே கேட்கும். ஆனால் இதற்காகவே கடன் வாங்கி ஐபேட் எடுக்கிறேன் என்று ஒரு தம்பி வந்தபோது, அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கு என்று அனுப்பிவிட்டேன்.

## கையடக்க கேம் கருவி

இதை வைத்தும் பாட்டுப் போடலாமா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. நிண்டெண்டோ டிஎஸ் என்ற கேம் கருவிக்கு 2008இல் கோர்க் டிஎஸ்-10 என்ற இசை மென்பொருள் வந்தது. மின்னணு ஒலி எழுப்பும் இரண்டு சிந்த், நான்கு டிரம், குச்சியால் தொட்டு முத்துப் போடும் 16 கட்டம். குறைவாக இருப்பதுதான் இதன் அழகு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று திகைக்காமல் நேராக வேலைக்கு இறங்கலாம். இயர்போன் ஓட்டையும் உண்டு.

சிக்கல் மூன்று. ஒன்று, பாட்டு கேம் கார்டுக்குள்ளேயேதான் சேமிப்பாகும். வெளியே எடுக்க இயர்போன் ஓட்டையில் வயர் மாட்டி வேறொன்றில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு, செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். பழுதானால் ராமநாதபுரத்தில் பார்த்துக் கொடுப்பவரைத் தேடாதீர்கள், மதுரைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டும். மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடுத்த தலைமுறையான 3டிஎஸ்ஸில் கோர்க் டிஎஸ்என்-12 நன்றாக இருக்கும் என்று எங்கோ படித்துவிட்டுப் பழைய கருவியை வாங்குவார்கள். அந்தக் கருவியின் இணையக் கடை 2023 மார்ச் 27இல் மூடப்பட்டுவிட்டது. புதிதாகக் காசு கொடுத்து இறக்க முடியாது. வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு 2018இல் வந்த கோர்க் கேட்ஜெட் நல்ல சாமான்தான். ஆனால் வீட்டில் விளையாட ஸ்விட்ச் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மட்டும்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது எல்எஸ்டிஜே. நிண்டெண்டோவின் பழைய கைக்கருவியான கேம் பாய்க்காக 2000 வாக்கில் ஸ்வீடன்காரர் யோகன் கோட்லின்ஸ்கி எழுதிய இசை மென்பொருள். மொத்தமே நான்கு ஒலித்தடம்: இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு இரைச்சல். இரைச்சல் தடத்தைக் குட்டையாக வெட்டினால் ஹைஹேட், கொஞ்சம் நீட்டினால் ஸ்னேர். திரையைத் தொடவே தேவையில்லை, எல்லாம் பொத்தான்தான். ஈரக்கையோ, மீன் கையோ, அழுத்தினால் வேலை செய்யும். 12 கட்டமும் சுலபம். இதில் ஒவ்வொரு கட்டமும் மேலிருந்து கீழாக ஒரு வரிசை. அந்த வரிசைகளுக்கு 0 முதல் 9, அப்புறம் ஏ முதல் எஃப் என்று பெயர். 'சி' என்ற பதின்மூன்றாவது வரிசையில் 'எச்' கட்டளையை வைத்தால் அங்கிருந்து அடுத்த பகுதிக்குத் தாவிவிடும். நான்கு தடத்திலும் வைக்க வேண்டும். ஒன்றில் மறந்தால் மறுபடி அந்த அக்கா சொன்ன நொண்டல்தான்.

நிஜமான கேம் பாயில் ஓட்டினால் கார்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரிதான் உங்கள் பாட்டைக் காப்பாற்றும். அது செத்தால் பாட்டும் போச்சு. அதனால் பழைய கேம்களை ஓட்டும் இப்போதைய மலிவான கைக்கருவியில் ஓட்டுவதே மேல். சேமிப்பு சாதாரணக் கோப்பாக மெமரி கார்டில் கிடக்கும், நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அம்பா பாட்டை நேரடியாக இதிலேயே பதிவு செய்யும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். இது பிறந்த உலகமே வேறு.

## பாக்கெட் ஆபரேட்டர்

டீனேஜ் எஞ்சினியரிங் என்ற ஸ்வீடன் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த குட்டிக் கருவி. கால்குலேட்டர் அளவு. மேலுறையே இல்லாமல் சர்க்யூட் பலகை அப்படியே கையில் இருக்கும். இரண்டு ட்ரிபிள்-ஏ பேட்டரி போட்டால் ஓடும், உள்ளேயே சின்ன ஸ்பீக்கர், 3.5 மி.மீ. இயர்போன் ஓட்டை வழியாக உள்ளேயும் வெளியேயும் வயர். அதே வயரால் இரண்டு கருவியைக் கோத்து ஒன்றாக ஓட்டலாம். முதலில் வந்தபோது 59 டாலர். 2018இல் வந்த பிஓ-33 என்ற மாடல் வெளிச் சத்தத்தைப் பிடித்து வைக்கும் சாம்ப்ளர். மைக் உண்டு, மொத்தம் 40 விநாடி ஒலியைத் தாங்கும்.

ஆப்பைத் திறக்க வேண்டாம், அப்டேட் கேட்காது, போன் வராது. பொத்தானை அழுத்தினால் தாளம். மேடையில் இந்த நிம்மதிக்கு விலை உண்டு. திரை நல்ல வெயிலில்தான் நன்றாகத் தெரியும். தனுஷ்கோடி மணலில் உச்சி வெயிலில்கூடப் படிக்கலாம். ராத்திரியில் தலைகீழ். திரைக்குள் விளக்கு இல்லாததால் சப்பரத்துக்குப் பின்னால் நின்றால் டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

கட்டம்? 16தான், வளையாது. ஆனால் பேட்டர்ன்களைச் சங்கிலியாகக் கோக்கலாம். மூன்று பேட்டர்ன் கோத்தால் 48 கட்டம். 48 என்பது நான்கு 12. ஆகவே கும்மியின் நான்கு சுற்றை மூன்று பேட்டர்னில் பரப்பிப் போட்டால் நொண்டாது. கண்ட சாப்புக்கு ஐந்து பேட்டர்ன், மிஸ்ர சாப்புக்கு ஏழு. ஒரு தாளில் கட்டம் வரைந்து பென்சிலால் குறித்துவிட்டுப் போடுங்கள். மனக்கணக்கில் போனால் மூன்றாவது பேட்டர்னில் தொலைந்துவிடுவீர்கள், நான் தொலைந்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு: வெளிநாட்டிலிருந்து வரும்போது அனுப்புக் கூலியும் சுங்கமும் சேரும். உறை தனியாக வாங்க வேண்டும். நம் கரையில் அந்த உறை ஆடம்பரம் கிடையாது, திறந்த பலகைமேல் உப்புக் காற்று பட்டால் அதன் ஆயுள் குறைந்துகொண்டேதான் வரும். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, அரிசியோ சிலிக்கா பொட்டலமோ போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | போன் ஆப் | ஐபேட் | எல்எஸ்டிஜே | டிஎஸ்-10 | பாக்கெட் ஆபரேட்டர் |
|---|---|---|---|---|---|
| 12, 14 கட்டம் | ஆப்பைப் பொறுத்து | சோதித்துப் பார்க்கவும் | உண்டு, 'எச்' கட்டளை | 16 கட்ட அமைப்பு | சங்கிலிக் கணக்கில் |
| நேரடியாகத் தட்ட | வயர் இருந்தால் | நன்று | அதற்கானது இல்லை | சுமார் | நன்று |
| ஈரக்கை | திணறும் | திணறும் | கவலை இல்லை | குச்சி உண்டு | பொத்தான் சரி, பலகைக்கு ஆகாது |
| உச்சி வெயில் | கண் கூசும் | கண் கூசும் | கருவியைப் பொறுத்து | மங்கல் | தெளிவு |
| ஊர் ஒலியைச் சேர்க்க | சுலபம் | சுலபம் | நேரடியாக முடியாது | முடியாது | பிஓ-33இல் முடியும் |
| கோப்பாக எடுக்க | சுலபம் | சுலபம் | வயர் அல்லது நகல் | வயர் மட்டும் | வயர் மட்டும் |

## யாருக்கு எது

இதுவரை எதையும் தொட்டதில்லை என்றால் போனில் ஆரம்பியுங்கள். வயர் இயர்போன் ஒன்றை மட்டும் காசு போட்டு வாங்குங்கள். கும்மி, அம்பா, ஒயிலாட்டம் என்று நம் ஊர்ச் சத்தத்தை வைத்து வேலை செய்யப் போகிறவர்களுக்கும் போன்தான். மேடையில் பாடகருக்குப் பின்னால் நின்று வாசிக்கும் ஆளுக்கு பாக்கெட் ஆபரேட்டர், அதுவும் உறையோடு. கீழக்கரைத் தம்பி ஒருவன் சென்னையில் படிக்கிறான், என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான், அவர்கள் பேச்சில் அண்ணன் என்று அர்த்தம். ஊருக்கு வரும் பஸ்ஸில் ராத்திரி முழுக்க என்ன செய்வது என்று கேட்டான். அவனுக்கு எல்எஸ்டிஜே சொன்னேன். இப்போது நான்கு தடத்தில் அவன் போடும் தாளத்தைக் கேட்டால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

எதை எடுத்தாலும் ஒரு சோதனையை மட்டும் விடாதீர்கள். இயர்போனில் கும்மென்று கேட்கும் கிக், குழாய் ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். அந்தக் குழாய் அடித்தொண்டைச் சத்தத்தைக் கடத்தாது. திருவிழாவுக்கு முந்தைய நாள் மைக் செட் அண்ணனிடம் சொல்லி ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். கிக் கேட்கவில்லை என்றால் அதே கட்டத்தில் ஒரு மரக்கட்டைத் தட்டலைச் சேர்த்துப் போடுங்கள். பாக்குவெட்டியால் உலக்கையைத் தட்டிப் பதிவு செய்தது ஒன்று என்னிடம் இருக்கிறது. ஐந்து திருவிழா ஓடிவிட்டது, இன்னும் அதைத்தான் போடுகிறேன்.